ரெண்டு ரிங்

போன வாரம் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்புக் கொடுக்க ஒரு தம்பி வந்திருந்தார். சேலத்துச் சித்திரை வெயிலில் கம்பத்தில் ஏறி இறங்கி, சுவரில் ஓட்டை போட்டு, வெள்ளைப் பெட்டி ஒன்றை மாட்டி, எல்லாம் முடிய அரைமணி நேரம்கூட ஆகவில்லை. நான் பக்கத்தில் கைகட்டி நின்று, எனக்கும் இதெல்லாம் தெரியும் என்பதைக் காட்ட இரண்டு கேள்வி கேட்டேன். “அதெல்லாம் ஆட்டோமேட்டிக் சார்” என்றார். ஒரு காலத்தில் நானும் இதே தொழிலில் இருந்தவன் என்று சொல்ல வாய் வரை வந்தது. வயதானவர்கள் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்று தோன்றவே, மோர் குடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு உள்ளே போனேன்.

அந்தப் பெட்டியோடு தரைவழி போனும் இலவசமாம். மூலையில் ஐந்தாறு வருடமாக ஊமையாகக் கிடந்த எங்கள் பழைய போனை அதில் செருகி, தன் கைபேசியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார். கணீரென்று அடித்தது. ஒரு தடவை, இன்னொரு தடவை. கட் செய்துவிட்டு, “எல்லாம் நல்லா இருக்கு சார்” என்றார்.

அவருக்காகக் கொண்டுவந்த மோரை நானே ஒரே மடக்கில் குடித்துவிட்டேன். “சுகர் இருக்கா சார்?” என்று அக்கறையாகக் கேட்டார். இருக்கிறது என்றேன். அதுவும் பொய்யில்லைதான்.

அவர் போன பிறகு ரிசீவரை எடுத்து முகர்ந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள். பழைய போன்களின் பேசும் பக்கத்துக்கென்று ஒரு வாசனை உண்டு. வெற்றிலை, பவுடர், தலைக்கு வைத்த எண்ணெய், ஒரு குடும்பத்தின் வாய் மொத்தமும் அந்தச் சின்ன ஓட்டைகளுக்குள் சேர்ந்திருக்கும். லைன் உயிரோடு இருந்தால் ரிசீவரில் இரைகிற டயல் டோன் இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்ப்பதுதான் அன்றைய என் வேலையின் முதல் படி. காதில் வைத்தால் மூக்கும் பக்கத்தில்தானே இருக்கிறது. அப்படி எத்தனையோ வீட்டுப் போன்களை முகர்ந்தவன் நான். அந்த வாசனை என்னைப் பரணுக்கு ஏற்றியது. கிறிஸ்துமஸ் குடில் சாமான்கள் வைத்த அட்டைப் பெட்டிக்குப் பின்னால், ஒரு பழைய துண்டில் சுற்றியபடி அந்த மோடம் இருந்தது. சாம்பல் நிறம், உள்ளங்கை அகலம், முகப்பில் வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள். இருபத்தைந்து வருடமாக நான் அதைத் தூக்கி எறியவும் இல்லை, வீட்டில் யாருக்கும் காட்டவும் இல்லை.

மோடம் என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் புரியும். அப்போது இணையம் போன் கம்பி வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தது. கம்ப்யூட்டரிலிருந்து மோடம், மோடத்திலிருந்து போன் லைன். கம்ப்யூட்டர் தானாகவே ஓர் எண்ணுக்குப் போன் போடும். அந்தப் பக்கம் இன்னொரு கம்ப்யூட்டர் எடுக்கும். இரண்டும் கிறீச்சிட்டுப் பேசி, ஒத்துப்போனால் இணைப்பு, இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. நெட் ஓடும் வரைக்கும் அந்த வீட்டுக்குப் போன் கிடையாது. வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, நாலு ரோடு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்திருந்தேன். கடைக்காரர் என்னை வாடிக்கையாளர்களிடம் “எங்க இன்டர்நெட் இன்ஜினியர்” என்று அறிமுகப்படுத்துவார். அந்தப் பட்டத்தை முழுசாக நம்பிய ஒரே ஆள் நான்தான். சட்டையை இன் செய்துகொண்டு, மோடமும் நாலு சிடியும் ஸ்க்ரூ டிரைவரும் போட்ட தோள்பையோடு மேட்டூர் குவார்ட்டர்ஸிலிருந்து பரமத்தி வேலூர் வாழை வியாபாரி வீடு வரை பஸ்ஸில் போய் நெட் போட்டுக் கொடுப்பேன். போகிற இடமெல்லாம் காபி, முறுக்கு, ஒரு மரியாதை. டாக்டருக்கு நாற்காலி போடுவதுபோல எனக்கும் போடுவார்கள். இருபத்திரண்டு வயதில் அந்த நாற்காலி ஒரு ஆளை என்னவெல்லாம் செய்யும் என்று இப்போது தெரிகிறது.

எங்கள் வீட்டிலும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் நெட் போட்டேன். அம்மா ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த நேரம். மோடம் கத்த ஆரம்பித்ததும் மாதா சுரூபத்தின் முன்னாலிருந்து திரும்பி, “என்னடா இது, கழுத்தைப் புடிச்ச கோழி மாதிரி கத்துது. ஜெபம் முடியட்டும், அப்புறமா உன் பிசாசை ஓட்டு” என்றார். எல்லா வீட்டிலும் அந்தச் சத்தத்துக்கு இதே வரவேற்புதான். மோடத்துக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் உண்டு. லைனில் என்ன கேட்கிறதோ அதை அது அப்படியே வெளியே விடும். டயல் டோன், எண் அழுத்துகிற சத்தம், கிறீச்சல், எல்லாம். அதை ஊமையாக்க ஒரு வழி இருந்தது. செட்டிங்கில் போய், ஒரு சின்ன முள்ளை இடது ஓரத்துக்கு இழுத்துவிட்டால் போதும். பெண்கள் பயந்தால் நான் அதை உடனே செய்து கொடுப்பேன். அதை என்னுடைய நல்ல குணங்களில் ஒன்றாக நினைத்திருந்தேன்.

திருச்செங்கோட்டுக்கு முதல்முறை போனதும் இதே தோள்பையோடுதான். சங்ககிரி தாண்டினாலே காற்றில் பெயின்ட்டும் வெல்டிங் புகையும் டீசலும் கலந்த வாசனை வரும். ஊரைச் சுற்றி ரிக் வண்டி கட்டுகிற பட்டறைகள். எந்த மாநிலத்தில் போர்வெல் போட்டாலும், அந்த வண்டியின் பின்னால் திருச்செங்கோடு என்று எழுதியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரிக் வண்டி ஒன்று, அதன் பின்னால் குழாய்களும் ஆட்களும் அரிசி மூட்டையும் ஏற்றிய சப்போர்ட் லாரி ஒன்று. போனால் எட்டு மாதம், பத்து மாதம். வட நாட்டில் மழை பிடித்த பிறகுதான் ஆட்கள் ஊர் திரும்புவார்கள்.

நான் போனது அப்படி ஒரு ரிக் வண்டிக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு. நல்லசிவம் என்று பெயர். வண்டி அப்போது மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஒரு கிராமத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி பாவாயம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“வாங்க சாமி, வாங்க. வெயில்ல வந்திருக்கறீங்க, மொதல்ல தண்ணி குடிங்க. நெட்டு எங்கயும் ஓடிப்போயிராது.”

ஓடித்தான் போயிருந்தது. கம்ப்யூட்டர் மோடத்தை அடையாளமே கண்டுகொள்ளவில்லை. சிடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, மத்தியானம் போய்ச் சாயங்காலமாகிவிட்டது. பாவாயம்மாள் நகரவே இல்லை. அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மருமகன் போட்டோவை மெயிலில் அனுப்பியிருந்தார்.

“பேத்தி பொறந்து பதினெட்டு நாளாச்சுங்க. மூஞ்சி எப்படியிருக்கும்னே தெரியாது. போன்ல அழுவற சத்தந்தான் கேட்டேன். இன்னைக்கு எப்படியாவது பாக்கோணும் சாமி.”

நல்லசிவம் முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து யாரோ ஒருவரிடம் வண்டிக் கதை பேசிக்கொண்டிருந்தார். தன் வண்டியில் ஒழுங்கு எப்படி என்று அவருக்குப் பெருமை. முன்பிருந்த மேனேஜர் ஒருவன் சப்போர்ட் லாரியைச் சொந்த வேலைக்கு எடுத்துப் போய்க் கவிழ்த்துவிட்டானாம். அதிலிருந்து ஒரே சட்டம். “நான் ஒரு வார்த்த சொல்லாம லாரி எடத்த உட்டு நவுரக் கூடாதுங்க. என்ன அவசரம்னாலும் எனக்குப் போனு வரோணும்.” இது எனக்கு உள்ளே வரை கேட்டது. நான் அப்போது மூன்றாவது சிடியைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாக மோடம் உயிர் பெற்றது. விளக்குகள் எரிந்து, கிறீச்சென்று கத்தியதும் பாவாயம்மாள் இரண்டு அடி பின்னால் போனார். “ஐயோ, அந்தச் சத்தத்தக் கொறைங்க சாமி, நெஞ்சு படபடங்குது.” முள்ளை இடது ஓரத்துக்கு இழுத்தேன். மோடம் ஊமையானது. “சத்தமில்லாமயே வேலை செய்யுங்க” என்று சொல்லி, கால்மேல் கால் போட்டுக்கொண்டேன்.

ஆறு மணிக்கு மேல் பெண்கள் மூன்று பேர் வந்து கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். வண்டியில் வேலை செய்பவர்களின் மனைவிமார்கள். அவர்களில் சின்னவள் சரசு, இடுப்பில் கைக்குழந்தை. அவள் கணவன் குமரேசன் வண்டியில் டிரில்லர், துளைபோடும் கருவியை ஓட்டுபவன். இவர்கள் யார் வீட்டிலும் போன் இல்லை. முதலாளி வீட்டுப் போன்தான் அந்தத் தெருவுக்கே போன்.

அவர்கள் பேச வரவில்லை, மணி அடிப்பதைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள். பாவாயம்மாள் விவரம் சொன்னார். தினமும் ஆறரையிலிருந்து ஏழுக்குள், வண்டி நிற்கிற ஊரின் எஸ்டிடி பூத்திலிருந்து கூப்பிட்டு ரெண்டு ரிங் விட்டுக் கட் செய்வார்கள். ரெண்டு ரிங் என்றால் எல்லாரும் நல்லா இருக்கிறோம், கவலை வேண்டாம். அதற்கு மேலும் அடித்தால் ஏதோ பேச வேண்டியிருக்கிறது என்று அர்த்தம், அப்போதுதான் எடுக்க வேண்டும். பெண்கள் ரெண்டு ரிங்கைக் கேட்டுவிட்டு எழுந்து போய் உலை வைப்பார்கள். மேனேஜரோடு பெரும்பாலும் குமரேசன்தான் பூத்துக்குப் போவானாம். “நம்பரச் சுத்தறது எங்கூட்டுக்காரருதானுங்க” என்று சரசு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

எவ்வளவு அழகான ஏற்பாடு என்று நான் வியந்திருக்க வேண்டும். அப்படி ஒன்றும் வியக்கவில்லை. இன்டர்நெட் யுகத்தில் இது என்ன என்று உள்ளுக்குள் சிரித்தேன்.

மெயில் திறந்தது. போட்டோ மேலிருந்து கீழாக, ஒரு விரல்கடை அளவாக இறங்கத் தொடங்கியது. முதலில் ஒரு சுவர், பிறகு ரோஸ் நிறத் துணி, பிறகு கறுகறுவென்று முடி. பாவாயம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியும் பாதிப் புருவமும் வந்தபோது இணைப்பு அறுந்தது. அந்த நேரத்தில் அப்படித்தான், ஊரே நெட்டுக்கு அடித்துக்கொள்ளும். விடாமல் தானாகவே மறுபடி மறுபடி டயல் செய்யும்படி போட்டு வைத்தேன். ஒரு முயற்சி தோற்றால் பத்து நொடி விட்டு அடுத்தது.

சரசு கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கியபடி கேட்டாள். “ஏனுங்ணா, இது ஓடறப்ப போனு வருங்களா?”

“வராதுங்க. பத்து நிமிஷம், முடிஞ்சிரும்.”

எங்கள் தொழிலில் எல்லாமே பத்து நிமிஷம்தான். அவள் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். அது அவளுடைய நேரம் என்பதும், அந்தப் போன் எனக்கு முன்பே அவளுக்குச் சொந்தமானது என்பதும் எனக்கு உறைக்கவே இல்லை. நாற்காலியில் இருந்தவன் நான்.

ஆறே முக்கால் இருக்கும். ஒரு முயற்சி தோற்று, அடுத்த டயலுக்கு முன்னால் இருந்த அந்தப் பத்து நொடியில் போன் அடித்தது. கூடத்தில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஒன்று. சரசு குழந்தையின் வாயைப் பொத்தினாள். இரண்டு. அதோடு நின்றது.

“வந்துருச்சுங்க” என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

வாசலிலிருந்து நல்லசிவம் குரல் கொடுத்தார். “ரெண்டு தானே?”

“ரெண்டே தானுங்க” என்றாள் சரசு.

“பாத்தீங்களா, போனும் வருது, நெட்டும் வருது” என்றேன் நான். சரசு குழந்தையிடம், “அப்பா போன் பண்ணிட்டாரு சாமி, போலாமா” என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள். மற்ற இருவரும் முந்தானையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். போகும்போது சரசு என்னிடம், “வாரனுங்ணா” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

திரும்பித் திரையைப் பார்த்தேன். டயல் டோன் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டம் வந்து நின்றது. லைனில் ஏதோ தகராறு என்று நினைத்து, அதை மூடிவிட்டு, மறுபடி டயல் செய்ய விட்டேன். ரெண்டு ரிங் வந்தாயிற்று, இனி போனுக்கு யாரும் காத்திருக்கவில்லை. இனி அவசரமில்லை என்று எனக்கு நிம்மதிகூட வந்தது.

போட்டோ முழுதாக இறங்க எட்டேகால் ஆனது. இடையில் ஏழெட்டு முறை அறுந்து, ஒவ்வொரு முறையும் சுவரிலிருந்தே மறுபடி ஆரம்பித்தது. கடைசியில் மூக்கு, வாய், முகவாய் எல்லாம் வந்தபோது பாவாயம்மாள் திரையைத் தொட்டு, “எங்கம்மா மூஞ்சியாட்டவே இருக்குதுங்க” என்று அழுதார். எனக்கும் கண் கலங்கியது. நான் செய்த மிக நல்ல வேலை அது என்று அந்த நிமிடம் நினைத்தேன்.

மோடத்தைப் பிரித்து, போன் கம்பியைப் பழையபடி செருகினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை, போன் அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதற்கு நல்லசிவம் வாசலிலிருந்து எழுந்து வந்து எடுத்தார்.

“ஆரு? … எப்ப? … அப்ப இருந்து என்னடா பண்ற? … என்னையக் கேக்காட்டி என்னடா, எடுடா லாரிய. பெரிய ஆசுபத்திரிக்குப் போடா மொதல்ல.”

ரிசீவரை வைத்துவிட்டு எங்களைப் பார்க்காமல், “குமரேசனுக்கு அடிபட்டிருச்சாம்” என்றார். எனக்குக் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. ஒன்றும் ஆகாதுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன்.

அவன் ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்துவிட்டான் என்பது கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. உடல் ஊர் வந்து சேர மூன்று நாளானதாம். பத்து நாள் கழித்து அந்த வீட்டிலிருந்து கடைக்குப் போன் வந்தது, அந்தப் பையனை ஒரு எட்டு வந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்று. மோடம்தான் மறுபடி மக்கர் செய்கிறது என்று நினைத்து, அதை ஓட வைக்கும் புதிய சிடி ஒன்றைப் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் மேல் அருவருப்பு வருகிறது.

வீட்டுக்குப் பின்னால் உதிரிச் சாமான் போடும் கொட்டகையில் நல்லசிவமும் வண்டி மேனேஜரும் இருந்தார்கள். உடலோடு ஊருக்கு வந்தவர், ஒல்லியான மனிதர், தாடி வளர்ந்திருந்தது. நல்லசிவம் அவரிடம், “இவருகிட்டச் சொல்லு” என்றார். அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

“சாயந்தரம் அஞ்சு மணிங்க. கம்ப்ரசர்லருந்து காத்து வர்ற ஓசுக் கொழா கழண்டு நெஞ்சுல அடிச்சிருச்சு. எந்திரிச்சு உக்காந்தான், தண்ணி குடிச்சான். ஒண்ணுமில்லீங்க, வலிக்குது, அவ்வளவுதான்னான். நான் டிராக்டர் புடிச்சுப் பூத்துக்குப் போனேன், லாரிய எடுக்கட்டுமான்னு மொதலாளியக் கேக்க. லைனு சீக்கிரம் கெடைக்கலீங்க. ஆறே முக்காலுக்குக் கெடைச்சுது. ரெண்டு ரிங்கு போச்சு, எடுத்தாங்க. அலோ அலோன்னு கத்தறேன், குமரேசனுக்கு அடிபட்டிருச்சுங்கன்னு கத்தறேன். ஒருத்தரும் பேசல. சித்த நேரம் கேட்டுட்டு வெச்சிட்டாங்க. போன வாரம் ஒரு போர்வெல்ல ராடு உள்ளயே மாட்டிக்கிச்சு, அந்தக் கோவத்துல இருக்கறாருன்னு நெனச்சேன். அப்பறம் எப்பச் சுத்துனாலும் எங்கேஜ்டு. சொல்லாம லாரிய எப்படிங்க எடுக்கறது?”

நல்லசிவம் என்னிடம் கேட்டார். “அன்னைக்கு எங்கூட்டுல ஆரும் போனத் தொடலீங்க. அப்பறம் ஆரு எடுத்தது?”

நான் அப்போதுதான் புரிந்துகொண்டேன். அது நல்லா இருக்கிறோம் என்கிற ரெண்டு ரிங் இல்லை. அடித்துக்கொண்டே இருக்க வேண்டிய போன். பத்து நொடி முடிந்ததும் என் மோடம் அடுத்த டயலுக்காக லைனை எடுத்தது. ரிங் நின்றது. லைனில் டயல் டோனுக்குப் பதிலாக ஒரு மனிதனின் குரல் இருந்ததால், டயல் டோன் இல்லை என்று என்னிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. ஸ்பீக்கரை நான் ஊமையாக்காமல் இருந்திருந்தால் அந்தக் குரல், அந்தப் பெயர், அந்தக் கூடத்திலேயே கேட்டிருக்கும். சரசு மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

இதை அவர்களுக்குப் புரியும்படி சொன்னேன். எங்கெங்கோ திக்கினேன், ஆனால் மறைக்கவில்லை. அதுவரை யாரிடமும் அவ்வளவு நேர்மையாக நான் பேசியதில்லை. ஒரு அடி விழும் என்று எதிர்பார்த்தேன், விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நல்லசிவம் காலடியில் கிடந்த துருப்பிடித்த குழாய் ஒன்றை ஓரமாக உருட்டிவிட்டார்.

“சட்டம் போட்டது நானு” என்றார். “உங்களுக்கு என்னுங்க தெரியும். அந்த டப்பாவ எடுத்துட்டுப் போயிருங்க, எங்கூட்டுல வேண்டாம். ஒண்ணு மட்டுங்க. அந்தப் புள்ளைகிட்ட இதச் சொல்லிப் போடாதீங்க. ரெண்டு ரிங்கு அவந்தான் உட்டான்னு நெனச்சுட்டிருக்குது. பொழுது எறங்குனப்பறம் அடிபட்டுதுன்னு சொல்லி வெச்சிருக்கறேன்.”

மோடத்தைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தால், சரசு அங்கே நின்றிருந்தாள். நெற்றியில் ஒன்றுமில்லை. நான் வந்திருப்பது கேள்விப்பட்டு வந்திருக்கிறாள்.

“அண்ணா, அன்னைக்கு நீங்க இருந்தீங்கல்லங்க. ரெண்டு ரிங்கு அடிச்சுதுதானுங்க? ஆருகிட்டக் கேட்டாலும் அழுவறாங்க, ஒருத்தரும் நெறுத்திச் சொல்ல மாட்டேங்கறாங்க.”

“அடிச்சுதுங்க” என்றேன். “நானும் கேட்டேன்.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அது போதும் என்பதுபோல இருந்தது. சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, அதனால்தான் அது அவ்வளவு பெரிய பொய்யாகிவிட்டது.

அந்த வாரம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். காது மந்தமான வயதான பங்குச் சாமியார். மோடம், டயல் டோன், பத்து நொடி என்று முழங்காலில் நின்று விளக்கிக்கொண்டிருந்தேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் இவன் அப்படி என்னதான் செய்துவிட்டான் என்று எட்டிப் பார்த்திருப்பார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், “மெஷின் பண்ணினதுக்கு நீ ஏன்பா மன்னிப்புக் கேக்கறே?” என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று பத்து ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒன்றும் குறையவில்லை. அதன் பிறகு வீடு வீடாகப் போகிற வேலையை விட்டுவிட்டு, ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியராகச் சேர்ந்தேன்.

சரசு மகளோடு பள்ளிபாளையம் போய்த் தறி ஓட்டுகிறாள் என்று பல வருடம் கழித்துக் கேள்விப்பட்டேன். எட்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லிவிடுவது என்று முடிவுசெய்துகொண்டே போனேன். நல்லசிவமும் இறந்துவிட்டார், இனி யாருக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். தறிச் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காத ஒரு சந்து. நான் அடையாளம் கண்டுபிடிப்பதற்கு முன் அவள் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள்.

“இந்த அண்ணந்தான் கண்ணு. அப்பா கடேசியாப் போன் பண்ணப்ப இவிய அங்க இருந்தாங்க. ரெண்டு ரிங்கையும் கேட்டாங்க.”

அந்தப் பெண்ணுக்கு அப்பாவின் முகம் தெரியாது, ஒரு கல்யாணப் போட்டோதான் தெரியும். குரல் கேட்டதாகவும் நினைவில்லை. அப்பாவிடமிருந்து அவளுக்குக் கிடைத்திருப்பது அந்த ரெண்டு ரிங்தான் என்று அவள் பார்த்த பார்வையில் தெரிந்தது. “நல்லாக் கேட்டுச்சுங்களா?” என்று கேட்டாள்.

“நல்லாக் கேட்டுச்சு கண்ணு.”

டீ வாங்கிக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, காவிரிப் பாலத்தின் மேல் ஈரோடு வரை நடந்தே போனேன்.

இப்போது எங்கேஜ்டு டோன் என்று ஒன்றை நான் கேட்டே வருடக்கணக்காகிறது. எஸ்டிடி பூத்தின் மஞ்சள் போர்டுகள் போய்விட்டன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆப்பிரிக்காவுக்கே போகின்றன. அங்கிருந்து ஆட்கள் சாப்பிடும்போதுகூட மனைவிக்கு முகம் காட்டிப் பேசுகிறார்கள். யாரும் யார் வீட்டுக் கூடத்திலும் சுவரோரமாக உட்கார்ந்திருப்பதில்லை. நல்லசிவத்தின் வீட்டை இடித்து வணிக வளாகம் கட்டிவிட்டார்கள். பாவாயம்மாள் அமெரிக்கா போய் மகளோடு இருக்கிறார். அந்தப் பேத்தி அங்கே கல்லூரியே முடித்திருப்பாள். ரெண்டு ரிங் வந்து நின்றால் நல்லா இருக்கிறோம் என்று புரிந்துகொள்கிற ஆள் இன்று யாரும் இல்லை. லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள்தான் அப்படி அடித்துவிட்டு வைக்கிறார்கள். நான் மட்டும் ஒவ்வொன்றுக்கும் திருப்பிக் கூப்பிடுகிறேன். என் மகன் சிரிப்பான்.

போன் மாட்டிய மறுநாளே அந்த ஃபைபர் தம்பியைத் திரும்ப வரவழைத்து, நெட் இருக்கட்டும், இந்தப் போனை மட்டும் கழற்றிவிடுங்கள் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஃப்ரீதானே சார், அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்” என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சத்தம் தொந்தரவா இருக்கா சார்? கொறைச்சு வெச்சுடறேன்” என்று போனுக்கு அடியில் இருந்த பட்டனைத் தேடிக் குனிந்தார்.

“கொறைக்காதீங்க” என்று நான் போட்ட சத்தத்தில், சமையலறையிலிருந்து என் மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள்.